மார்ச் மாதத்தில் வெட்டிய கொடி

அந்தக் கொடியைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறைபனியைக் குறை சொல்லலாம், அந்த வருடத்து ஏப்ரல் வெயிலைக் குறை சொல்லலாம், என் மனைவி சொல்வதுபோல என் தலையெழுத்தையும் இழுக்கலாம். ஆனால் கத்தரி என் கையில்தான் இருந்தது.

கனடாவின் ஸ்காபரோவில் ஓர் இத்தாலிக் கிழவரின் வீட்டு பேஸ்மென்டில் நானும் மனைவியும் பதினைந்து வருடங்களாகக் குடியிருக்கிறோம். மேலே அவர் தனியாள். மனைவி காலமாகி நெடுநாள். ஒரே மகள் மிசிசாகாவில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் சாப்பாட்டுப் பெட்டிகளுடன் வந்து போவாள். இத்தனை வருடத்தில் கிழவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் பேஸ்மென்ட்!" என்பார். நான் அவரை முதலாளி என்ற அர்த்தத்தில் "பொஸ்" என்பேன். அவருடைய ஆங்கிலம் அரைகுறை, என்னுடையது அதிலும் அரைகுறை. ஆகையால் அவரும் மகளும் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் இங்கே சொல்ல முடியும். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

வீட்டின் பின்னால், கராஜ் சுவரிலிருந்து வேலி வரைக்கும் ஒரு பந்தல். அதில் ஒரே ஒரு திராட்சைக் கொடி. அடிமரம் என் முழங்கை மொத்தம் இருக்கும். கனடாவுக்கு வந்த புதிதில் நயாகராப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி வேலை செய்தபோது, வெட்டிக் கழித்த தடிகளில் ஒன்றை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டாராம். வகையின் பெயர் பாக்கோ நுவார். சிவப்பு வைனுக்கான பழம். சிவப்பு என்று பெயர்தானே ஒழிய, சாறு கறுப்பு. ஒரு துளி சட்டையில் பட்டால் சட்டையை மறந்துவிடவேண்டியதுதான்.

வைன் குடிக்கிறவர்கள் மத்தியில் இந்தப் பழத்துக்குப் பெரிய மரியாதை இல்லை. பிறப்பு அப்படி. ஒரு காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பூச்சி, அமெரிக்காவிலிருந்து கப்பலேறிப்போய், பிரான்ஸ் தேசத்துத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்று தீர்த்துவிட்டது. ஆனால் அமெரிக்கக் காட்டுக்கொடிகளின் வேரை அந்தப் பூச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் ஆளாளுக்கு இரண்டு தேசத்துக் கொடிகளையும் கலந்து பார்க்க வெளிக்கிட்டார்கள். பிரான்சின் தென்மேற்கு மூலையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அப்படிப் பார்த்தார். பிராண்டி வடிக்கிற ஒரு வெள்ளைத் திராட்சையின் பூவில், ஆற்றங்கரையில் தன்பாட்டில் ஏறிப் படர்கிற ஒரு காட்டுக்கொடியின் மகரந்தத்தைத் தட்டினார். பிறந்தது இது. தாய் வெள்ளை, தகப்பன் காடு, பிள்ளை கறுப்பு. பிறகு பிரான்சில் கலப்புக் கொடிகள் வேண்டாம், பிடுங்குங்கள் என்றார்கள். கனடாக்காரன், குளிருக்குச் சாகாது என்று வாங்கி நட்டுக்கொண்டான்.

"இது பெரிய இடத்துப் பழமில்லை. முரடு. கூலிக்காரன் பழம்," என்பார் கிழவர். அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்துவார், தான்தான் பெற்றதுபோல.

அவர் கராஜில் செய்கிற வைனைக் குடித்தால் முதலில் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். பின்னாலேயே ஒரு புகை வாசம், கறுத்த பழங்களின் இனிப்பு. ஊரில் மாதா கோயிற் பூசையில் குருவானவர் குடிப்பதைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு என் வைன் அறிவு முடிந்திருந்தது. ஆனால் என் மனைவியின் ஆட்டிறைச்சிக் கறிக்கும் அந்தப் புளிப்புக்கும் அப்படியொரு பொருத்தம்! நத்தார் வந்தால், கிறிஸ்மஸைத்தான் சொல்கிறேன், கறிச்சட்டி மேலே போகும், போத்தல் கீழே வரும்.

எல்லாம் சரி, கொடியை மட்டும் தொடவிடமாட்டார். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். நான் யாழ்ப்பாணத்தில் திராட்சைத் தோட்டக்காரனின் மகன். எங்கள் பக்கம் முந்திரிகைப்பழம் என்போம். வருடத்துக்கு இரண்டு போகம் எடுத்த கை இது. அதை ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"வருசத்துக்கு ரெண்டு தரமோ?" என்று சிரித்தார். "அப்ப அது கொடியில்லை, அடிமை. போடா பேஸ்மென்ட், உன்ரை பேய்க்கதையை வேறை ஆருக்காவது சொல்லு."

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் குளிர்காலம் கிடையாது, கொடி தானாகத் தூங்காது. நாங்கள்தான் தூங்கவைப்போம். பழம் பறித்ததும் தண்ணீரை நிறுத்துவோம். சில கிழமை வாடவிட்டு, இலையெல்லாம் உருவி, ஒவ்வொரு தடியிலும் குருத்து வெடிக்கிற கண் ஒன்றிரண்டு மட்டும் விட்டு ஒட்ட வெட்டுவோம். அடியைச் சுற்றிக் கிண்டி எரு வைத்துத் தண்ணீர் கட்டினால் பத்தாம் நாள் குருத்து வெடிக்கும். வெட்டாவிட்டால் கொடி சும்மா காடாய்க் கிடக்கும், காய்க்காது. கொடியை எழுப்புவது கத்திதான். இது என் இரத்தத்தில் ஊறிய பாடம். அவருக்கு இது பேய்க்கதை. சரி, இருக்கட்டும், ஒருநாளைக்குக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

செப்டம்பரில் பழம் பறித்து முடித்த கிழமை, கிழவர் பின்வாசல் படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அம்புலன்ஸில் ஏற்றும்போது வலியில் முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த நேரத்திலும் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னது இதுதான்: "கொடியிலை கை வையாதை. நான் வராட்டில் மே வரைக்கும் அப்பிடியே விடு. காடாய் நிண்டாலும் நிக்கட்டும். விளங்குதோ?"

"ஓம் பொஸ், ஓம்," என்றேன்.

ஆஸ்பத்திரி, பிறகு சில மாதம் நடைப்பயிற்சிக்கு ஓர் இடம், அங்கே ஒரு நெஞ்சுச்சளி, திரும்ப ஆஸ்பத்திரி. குளிர்காலம் அப்படியே போயிற்று. நான் பாண் பேக்கரியில் காலை வேலை. முடிந்ததும் கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஆள் பாதியாய் உருகிவிட்டார். தன் காலைப்பற்றி ஒரு சொல் இல்லை. "கொடி எப்பிடி?" அதுதான் கேள்வி.

மார்ச் நடுவில் ஒரு கிழமை திடீரென்று வெயில் எறித்தது. குளிர் ஜாக்கெட் இல்லாமல் சனம் வெளியே திரிந்தது. நான் பின்னால் போய் நின்று கொடியைப் பார்த்தேன். போன வருடத்துத் தடிகள் தலைமயிர் வாராத பைத்தியக்காரியைப்போல நாலு பக்கமும் தொங்கின. என் கை துடித்தது. இந்த மனுசன் மே மாதம் வரும்போது இந்தக் கோலத்தையா பார்ப்பது? ஒழுங்காக வெட்டி, குருத்து விட்டு, பிஞ்சு பிடித்து நிற்கிற கொடியைக் கண்டால் ஆளுக்கு உயிர் திரும்பி வராதா? இப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது. நான் யார் என்று காட்டவேண்டும் என்ற கொழுப்பு.

மனைவி கதவடியில் நின்று பார்த்தாள். "இஞ்சேருங்கோ, அந்தாள் தொடவேண்டாமெண்டெல்லே சொன்னவர்?"

"உமக்கென்ன தெரியும்? சும்மா இரும்," என்றேன்.

வெட்டினேன். ஒவ்வொரு தடியிலும் இரண்டே இரண்டு கண் விட்டு, எங்கள் ஊர் வெட்டு வெட்டினேன். அடியைச் சுற்றி உருகியும் உருகாத மண்ணைக் கிண்டினேன். மாட்டெரு மூட்டை வாங்கிவந்து வைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், குழாய்த் தண்ணீர் குளிர் என்று வாளியில் சுடுதண்ணீர் கலந்து ஊற்றினேன். பதினைந்து வருடம் சும்மா கிடந்த கைக்கு அன்றைக்குத்தான் பசி அடங்கியது.

ஏப்ரலும் மார்ச்சைப்போலவே சூடு. கடைசிக் கிழமையில் குருத்து வெடித்தது. இந்தக் காட்டுத் தகப்பனின் குணம், அக்கம்பக்கத்துக் கொடியெல்லாம் தூங்கும்போது இது முந்திக்கொண்டு எழும்பும். இளஞ்சிவப்பு ஓரம் வைத்த இலைகள், விரல் நீளக் குருத்துகள், அதற்குள் கடுகு கடுகாய்ப் பூங்கொத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்துக் கிழவரின் மகளுக்கு அனுப்பினேன், அப்பாவுக்குக் காட்டும்படி. அவள் திருப்பி எழுதினாள்: "ஏன் தடியெல்லாம் இவ்வளவு கட்டையா இருக்கு எண்டு அப்பா கேக்கிறார்." படம் எடுத்த கோணம் அப்படி என்று பதில் போட்டேன். பொய்யின் முதல் படி அது.

மே மாதம் பிறந்து ஒரு கிழமை இருக்கும். ரேடியோவில் உறைபனி வருகிறது என்றான். பொழுது படுமுன்னர் வீட்டிலிருந்த படுக்கைவிரிப்பு, போர்வை, மனைவியின் பழைய சேலைகள் எல்லாவற்றையும் பந்தலுக்கு மேலே இழுத்துக் கட்டினேன். மனைவி உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விடிய வேலைக்கு வெளிக்கிடும்போது போய்ப் பார்த்தேன். சேலைகளைக் காற்று வேலியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. போர்வை கிடந்த இடத்திலும் ஒன்றுதான், கிடக்காத இடத்திலும் ஒன்றுதான். குருத்துகள் எல்லாம் கொதிநீரில் போட்ட கீரையாய்க் கறுத்துத் தொங்கின. தொட்டேன், விரலோடு வழுகி வந்தது. ஒன்று, இரண்டு, பத்து... ஒரு குருத்து மிஞ்சவில்லை. நான் அந்த ஈரப் புல்லில் அப்படியே குந்திவிட்டேன். ஐயோ, ஐயோ என்றுதான் வாயில் வந்தது. அப்போதுதான் உறைத்தது, மே வரைக்கும் காடாய் விடு என்று கிழவர் ஏன் சொன்னார் என்று. நீளத் தடி நின்றால் நுனியிலுள்ள கண்கள் முதலில் விழிக்கும். பனி அதைத் தின்றுவிட்டுப் போகும். அடியில் இருக்கிற கண்கள் தூக்கத்தில் தப்பிக்கும். பனி போனபிறகு வெட்டினால் போதும். இங்கே கொடியை எழுப்புவது சூரியன். கத்திக்கு அந்த வேலையே இல்லை. கத்தியால் எழுப்பி, நேரே பனியின் வாயில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

அன்று பின்னேரம் மகள் போன் எடுத்தாள். குரல் களைத்திருந்தது.

"வயசானாக்களைப் பாக்கிற நேர்சிங் ஹோமிலை ஒரு இடம் வந்திருக்கு," என்றாள். "நல்ல இடம். இந்த மாசம் முடியிறதுக்குள்ளை பதில் குடுக்கவேணும். அப்பா மாட்டன் எண்டு நிக்கிறார். அவராலை படி ஏற ஏலாது, சமைக்க ஏலாது. ஏனப்பா வீடு, வீடு எண்டு நிக்கிறியள் எண்டால், கொடி இருக்கு எண்டுறார். இந்த மே மாச லோங் வீக்கெண்டுக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாறன், பாக்கட்டும். நீங்கள் ஒரு உண்மை சொல்லுங்கோ. நேற்றுப் பனி கொட்டினதெல்லே? கொடி பட்டுப்போச்செண்டால் இப்பவே சொல்லுங்கோ. பிறகு அவர் பிடிவாதம் பிடிக்கமாட்டார். எனக்கும் லேசு."

அவள் கெட்டவள் அல்ல. தகப்பனுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க நெடுஞ்சாலையில் அலைந்தவள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு பாரம் இறங்கியிருக்கும். ஆனால் அந்த மனுசனுக்கு வீடு முடிந்துபோகும். ஒரு வார்த்தை. என் ஒரு வார்த்தை அவரை அந்த நேர்சிங் ஹோம் கட்டிலில் விழுத்திவிடும்.

"நல்லாயிருக்கு," என்றேன். "பச்சைப்பசேல் எண்டு நிக்குது."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள், "வாய் கூசேல்லையே உங்களுக்கு? இன்னும் ரெண்டு கிழமையிலை அந்தாள் வந்து நேரிலை பாக்கப்போறார். அப்ப என்ன செய்யப்போறியள்?"

எனக்குத் தெரியாது. அந்த இரண்டு கிழமை நான் மனுசனாக இருக்கவில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே பின்னால் போவேன். ஒவ்வொரு தடியாக முகத்துக்கு அருகில் பிடித்துப் பார்ப்பேன். ஒன்றுமில்லை. கறுத்துக் காய்ந்த நூல்தான். சோறு இறங்கவில்லை. பேக்கரியில் இரண்டு தட்டுப் பாணைக் கருகவிட்டேன். பூக்கன்றுக் கடைகளில் இலையோடு நிற்கிற திராட்சைக் கன்று தேடினேன், வாங்கிவந்து அடிமரத்துக்குப் பின்னால் மறைத்து நட்டுக் கொடியில் கட்டிவிடலாம் என்று. எல்லாம் சாண் உயரம். கடைசியில் ஒரு மலிவுக் கடையில் மூன்று சரம் பிளாஸ்டிக் இலை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆம், கலியாண மண்டபத்தில் தொங்குமே, அதேதான்.

மனைவி அந்தப் பையைத் திறந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணீர் விட்டாள். "உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதப்பா," என்றாள். பிறகு பையை எங்கேயோ ஒளித்துவிட்டாள். மாதாவின் சுருவச் சிலைக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரியத் தொடங்கியது.

லோங் வீக்கெண்ட் சனிக்கிழமை கார் வந்து நின்றது. மகள் வாக்கரை இறக்கி விரித்தாள். கிழவர் முன்வாசலைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டால் பின்பக்கம் நடந்தார். ஓரடி, நிற்பு, மூச்சு, ஓரடி. மகள் பின்னால், ஒரு கையில் அவருடைய பை, மற்றக் கையில் நேர்சிங் ஹோம் கடிதங்கள். நான் அவருக்கு முன்னால் ஓடிப்போய்ப் பந்தலடியில் நின்றேன். எதை மறைக்கப் போனேன்? இவ்வளவு பெரிய பந்தலை என் ஓர் உடம்பால் மறைக்கலாமா?

அவர் பார்த்தார். வெறும் தடி. மே மாத வெயில் பந்தலுக்குள்ளால் தடையின்றி நிலத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"பொஸ், நான்தான்..." என்று தொடங்கினேன்.

"எப்ப வெட்டினாய்?"

"மார்ச்சிலை."

"எத்தினை கண் விட்டனி?"

"ரெண்டு."

"எருவும் வைச்சிருக்கிறாய். மணக்குது."

"ஓம்."

"ஏன்ரா?"

"நீங்கள் வரேக்கை காயோடை நிக்கவேணும் எண்டு நினைச்சன் பொஸ்." ஐம்பத்தாறு வயது ஆம்பிளை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். வெட்கம் எங்கே போயிற்றோ தெரியாது.

மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "பச்சைப்பசேல் எண்டு சொன்னீங்களே," என்றாள். கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

கிழவர் ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து, தலைக்கு நேரே தொங்கிய ஒரு தடியைப் பிடித்தார். பெருவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை. பிறகு, கறுத்த குருத்து ஒட்டியிருந்த இடத்தின் அடியை விரல் நுனியால் மெல்லத் தடவினார், குழந்தையின் பல் முளைத்ததா என்று பல் ஈறைத் தடவிப் பார்ப்பதுபோல. என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். ஒரு சின்னப் புடைப்பு. உழுந்து அளவுகூட இல்லை. இரண்டு கிழமையாக நான் கண்ணால்தான் தேடியிருந்தேன்; ஒருமுறைகூட விரலால் தடவிப் பார்க்கவில்லை.

"ஒரு கண்ணுக்குள்ளை இன்னொரு கண் படுத்திருக்கும்," என்றார். "முதல் கண் செத்தால்தான் அது எழும்பும். காட்டுத் தகப்பன் குடுத்த சொத்து. ஆனால் அதிலை பழம் பெரிசா வராது. இந்த வருசம் வைன் இல்லை."

அவருக்கு வயது எண்பத்தாறு. இந்த வருடம் வைன் இல்லை என்பதன் அர்த்தம் அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். நான் தலை குனிந்து நின்றேன். ஏசட்டும், அடிக்கட்டும், பேஸ்மென்டைக் காலி பண்ணு என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் மகளின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடுதாசியளைத் திருப்பி அனுப்பு," என்றார். "நான் ஒரு இடமும் போகேல்லை. எப்பிடிப் போறது? இவனை நம்பி விட்டிட்டுப் போனால் மிச்சத்தையும் சாகடிச்சுப்போடுவான்."

மகள் கையிலிருந்த கடிதங்களைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன கண்டாளோ, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வருடம் முழுக் கொடியிலும் ஏழு குலைதான் வந்தது. அதில் பாதியைக் குருவி தின்றது. மிச்சத்தைப் பின்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து மூன்று பேரும் தின்றோம். புளிப்பில் மனைவியின் முகம் கோணியதைப் பார்த்துக் கிழவர் இருமி இருமிச் சிரித்தார். இப்போது அவருக்குச் சமையல் எங்கள் வீட்டில். குளிக்கவார்ப்பது என் வேலை. மகள் ஞாயிறு வருகிறாள். என் மனைவியோடு நன்றாகக் கதைக்கிறாள்; என்னோடு வணக்கத்தோடு சரி. அது எனக்கு வேண்டியதுதான்.

இந்த மார்ச்சிலும் ஒரு நாலைந்து நாள் வெயில் எறித்தது. கிழவருக்கு இரண்டு கிழமையாகச் சுகமில்லை. படுத்த படுக்கை, கஞ்சிதான் இறங்குகிறது, பேச்சும் குறைந்துவிட்டது. நான் வேலையால் வந்து, கராஜில் துருப்பிடித்துக் கிடந்த கத்தரிக்கு எண்ணெய் போடலாம் என்று எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். எண்ணெய் போட மட்டும்தான், சத்தியமாக. தடிகள் நாலு பக்கமும் காடாய்த் தொங்கின. ஒன்றைக்கூட நான் தொடவில்லை. மேலே, அவருடைய கட்டிலை ஒட்டிய ஜன்னலில் திரை மூடிக்கிடந்தது. வீட்டில் ஒரு சத்தமில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. கத்தரியும் கையுமாக, வேண்டுமென்றே பந்தலுக்குக் கிட்டப் போனேன். இன்னும் ஓரடி கிட்டப் போனேன். கையைத் தூக்கி ஒரு தடியைப் பிடித்தேன்.

மேலே திரை விலகி, ஜன்னல் கண்ணாடியில் கிழவரின் ஊன்றுகோல் படபடவென்று தட்டுகிற சத்தம் கேட்டது.

அப்பாடா என்றிருந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கஞ்சி சூடாக்க உள்ளே போனேன்.